பட்டியலுக்கு முன்னால் டேப்: தம்பியின் ஹாஸ்டல் அறையைத் தயார் செய்த கதை

தம்பிக்கு ஹாஸ்டலில் இடம் உறுதியானதுமே வீட்டில் பட்டியல்கள் முளைக்க ஆரம்பித்துவிட்டன. அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒன்று எழுதி வைத்திருந்தார். சித்தி வாட்ஸப்பில் ஒன்று அனுப்பினார். தம்பி தன் போனில் தனியாக ஒன்று வைத்திருந்தான். அதில் பாதி விளக்கு வகையறா. மடக்கு மேசை, செருப்பு ஸ்டாண்டு, இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள் என்று மூன்றையும் சேர்த்து வாங்கினால் தனிக்குடித்தனமே வைத்துவிடலாம். ஆனால் அந்த அறை எவ்வளவு பெரியது, கட்டில் மரமா இரும்பா, பிளக் பாயிண்ட் எந்தச் சுவரில் இருக்கிறது என்பது மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியாது.

நானும் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள்தான். அதில் வந்த பிடிவாதம் ஒன்று உண்டு: அறையை அளக்கும்வரை பல் பிரஷ்ஷுக்கு மேல் பெரிதாக எதையும் வாங்கக் கூடாது. கட்டில், மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் அங்கே ஏற்கெனவே கிடக்கும். நாம் கொண்டுபோகிற ஒவ்வொன்றும் அவற்றுக்கு அடியிலும் இடுக்கிலும் மேலேயும் மிச்சமிருக்கிற இடத்தில்தான் உட்கார வேண்டும். அந்த மிச்ச இடத்தை அளந்துவிட்டால் பட்டியலில் முக்கால்வாசி தானாக அடிபட்டுப் போகும். அப்படித்தான் போனது.

அளவு எடுத்தது

சேர்க்கை வேலையாகப் போனபோதே வார்டனிடம் கேட்டு அறையைத் திறந்து பார்த்துக்கொண்டோம். கையில் 5 மீட்டர் டேப், டார்ச், பல முனை மாற்றிப் போடுகிற ஸ்க்ரூடிரைவர், ஒரு நோட்டு. நேரில் போக முடியாதவர்கள் அங்கே இருக்கும் சீனியர் யாரையாவது பிடிக்கலாம். "ரூம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்ற பதில்தான் வரும். "கட்டிலுக்கு அடியில எத்தனை சென்டிமீட்டர் இருக்கு?" என்று கேட்டால்தான் எழுந்து போய்ப் பார்ப்பார்கள்.

அறை 3 மீட்டருக்கு 3.6 மீட்டர். இரண்டு இரும்புக் கட்டில், இரண்டு மேசை, ஆளுக்கொரு அலமாரி. முதலில் அளந்தது கட்டிலின் அடிப்பகுதியை. சிறிய அறையில் மிகப் பெரிய சரக்கறை அதுதான். மெத்தை கிடக்கும் பலகையிலிருந்து தரைவரை 36 செ.மீ. வந்தது. தம்பி அதை அப்படியே எழுதப் போனான். "இருடா, பெட்டி மேலேயிருந்தா இறங்கும்? பக்கத்திலிருந்துதானே நுழையும்" என்று சொல்லிப் பக்கச் சட்டத்தின் கீழ் விளிம்பில் டேப்பை வைத்தேன். 31. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் நடுவில் குறுக்கே ஒரு இரும்புக் குழாய் இன்னும் கீழே ஓடுகிறது. அங்கே 29. ஆக, தட்டாமல் உள்ளே போய் வர வேண்டுமென்றால் பெட்டியின் உயரம் 28க்குள் இருக்க வேண்டும், அதுவும் சக்கரத்தையும் மூடியின் கைப்பிடியையும் சேர்த்து. கடையில் லேபிளில் போட்டிருக்கும் உயரம் சக்கரம் இல்லாமல்கூட இருக்கலாம். அதனால் வாங்கும்போதும் டேப் கையில் இருக்கட்டும்.

கால்களுக்கு இடையே 170 செ.மீ. நீளம். 80 செ.மீ. நீளமுள்ள இரண்டு பெட்டி நெருக்கி வைக்கலாம். வீட்டில் இருந்த பெரிய சூட்கேஸ் படுத்த நிலையில் 30 செ.மீ. உயரம். நடுக்குழாய் அதைத் தடுக்கும். சூட்கேஸுக்கு இடம் அலமாரியின் உச்சிதான் என்று அப்போதே முடிவாகிவிட்டது. உச்சிக்கும் கூரைக்கும் இடையே தாராளமாக இருந்தது, நல்லவேளை.

கட்டிலைத் தூக்கி வைக்கும் கட்டைகளும் தம்பியின் பட்டியலில் இருந்தன. இந்தக் கட்டிலின் கால்கள் மெல்லிய குழாய்கள். தட்டையான கட்டை மேல் அவற்றை நிறுத்தினால் ஒருநாள் புரண்டு படுக்கும்போது நழுவும். கால் உட்காரக் குழி வைத்த கட்டைகள் கிடைக்கும்; அவையும் நான்கும் ஒரே உயரமாக, காலின் தடிமனுக்குப் பொருந்தி வர வேண்டும். 28 செ.மீ.யில் வேலை ஆகும்போது எதற்கு வம்பு என்று அடித்துவிட்டேன்.

அலமாரியின் உள் ஆழம் 46 செ.மீ. இதைப் பலர் அளப்பதே இல்லை. சாதாரண ஹேங்கர் 43 செ.மீ. அகலம் வரும், சட்டையை மாட்டினால் தோள்பட்டை இன்னும் கொஞ்சம் வெளியே நிற்கும். துணி தொங்கவிடும் அலமாரிகளை 60 செ.மீ. ஆழத்துக்குச் செய்வது இதனால்தான். 46ல் மாட்டினால் ஹேங்கர்கள் கோணலாக நிற்கும், கதவு மூடாது. எனவே ஒரு கட்டு ஹேங்கர் என்று அம்மா எழுதியிருந்தது நான்காகக் குறைந்தது. மற்ற துணிகளைச் சுருட்டி, பெட்டிக்குள் நிற்க வைத்து அடுக்குவது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். ஒன்றை உருவினால் மற்றது சரியாது.

மெத்தையின் நீள அகலம், கதவின் உள்ளளவு, பிளக் பாயிண்டிலிருந்து மேசையின் மூலைவரை வயர் போகும் வழி (நேர்க்கோட்டில் இல்லை, சுவரோரமாக), அலமாரிப் பூட்டு மாட்டும் கொண்டியின் துளை எல்லாம் நோட்டில் ஏறின. கடைசியாகச் சொன்னது சில்லறையாகத் தெரியும். துளை 6 மி.மீ.; வீட்டில் எடுத்து வைத்திருந்த தடிமனான பூட்டின் வளையம் 8 மி.மீ. அது அங்கே நுழையவே நுழையாது.

பிறகு வெறும் உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பார்த்தோம். கை வெள்ளையாகிவிட்டது. இதன் விளைவு பின்னால் வருகிறது.

கிளம்புமுன் அறை முழுவதையும் போனில் படம் பிடித்தோம்: மேசை மேல் இருந்த கீறல், சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டை, ஜன்னல், கதவு, கட்டிலின் அடி. அறை ஒப்படைப்புத் தாளில் 'நல்ல நிலை' என்று மொத்தமாக டிக் போட்டிருந்த இடங்களில் பழுதுகளை எழுதி வார்டனிடம் கையெழுத்து வாங்கினோம். வருஷ முடிவில் யார் உடைத்தது என்ற பேச்சு வரும்போது இந்தத் தாள்தான் பேசும்.

பொருளுக்கு முன் பழுது

அறைக்குள் சாமான் ஏறிவிட்டால் எதையும் நகர்த்த முடியாது. அதனால் குடிபோகும் நாளில் பெட்டிகளை வராந்தாவில் நிறுத்திவிட்டு, முதலில் அறையைச் சரி செய்தோம். எந்தப் பழுதில் கை வைக்கலாம் என்று வார்டனிடம் முன்கூட்டியே கேட்டிருந்தேன். "துளை போடக் கூடாது, வெட்டக் கூடாது, மத்தது உங்க இஷ்டம்மா" என்றார். இது போதும்.

கட்டில்தான் முதல். உட்கார்ந்தாலே முனகியது. பலகையை எடுத்துவிட்டு இரும்புச் சட்டத்தை மூலை மூலையாக அசைத்தால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். தலைமாட்டில் இரண்டு நட்டுகள் விரலாலேயே சுழன்றன. நான்கு மூலையையும் முழுதாக முறுக்காமல் கையிறுக்கமாக வைத்து, சட்டத்தை ஒரு தட்டுத் தட்டி நேராக்கி, பிறகு எதிரெதிர் மூலையாக இறுக்கினோம். ஒரு மூலையை மட்டும் முதலிலேயே முறுக்கிவிட்டால் எதிர்மூலை தரையிலிருந்து தூக்கிக்கொள்ளும். இவ்வளவும் செய்த பிறகும் ஒரு மெல்லிய கிறீச் மிச்சம் இருந்தது. பலகை இரும்பின் மேல் உரசும் சத்தம் அது. பழைய சைக்கிள் டியூபை நறுக்கிப் பலகை உட்காரும் இடங்களில் வைத்ததும் அடங்கியது. எண்ணெய் விடுவது எளிய வழிதான், ஆனால் அது மெத்தையில் கறையாக ஏறும்.

அலமாரிக் கதவு அடுத்தது. மேல் கீல் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஸ்க்ரூவையும் முறுக்கினால் வெறுமனே சுற்றின. பலகையில் பிடிப்பு இல்லை. பலரும் கொஞ்சம் நீளமான ஸ்க்ரூவைத் தேடுவார்கள். இந்த அலமாரியின் பலகை 18 மி.மீ. தடிமன். 20 மி.மீ. ஸ்க்ரூ போட்டால் கீல் தகட்டின் தடிமனைக் கழித்தாலும் முனை மறுபக்கம் எட்டிப் பார்க்க வாய்ப்புண்டு. அழுத்தித் தயாரித்த துகள் பலகை என்றால் பெரிய ஸ்க்ரூ துளையை இன்னும் பொடியாக்கும். அதனால் பல்குச்சி வைத்தியம். ஸ்க்ரூவைக் கழற்றி, துளையில் இருந்த தூளை ஊதி, பல்குச்சிகளை மரப்பசையில் தோய்த்து இறுக்கமாகச் செருகி, மேலே நீட்டியதை பிளேடால் சமமாக வெட்டிவிட வேண்டும். பசை காயும்வரை கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தோம். மறுநாள் காலையில் அதே பழைய ஸ்க்ரூவைக் கையால், மெதுவாக முறுக்கியதும் நறநறவென்று மரத்தைக் கடித்துக்கொண்டு இறங்கியது. மின்சார டிரில்லால் முறுக்கினால் கடைசிச் சுற்றில் மறுபடி பிய்த்துவிடும். கதவைத் திறந்து பாதியில் விட்டால் அங்கேயே நிற்கிறதா என்று பார்த்தோம். நின்றது.

மேசை ஆடியது. இதற்கு நான்காய் மடித்த காகிதம் வைப்பது நாடறிந்த வழி. தரையைத் துடைக்கிற முதல் நாளிலேயே அது ஊறிச் சப்பையாகிவிடும். முதலில் ஆடுவது மேசையா தரையா என்று தெரிய வேண்டும். மேசையை அறையின் வேறொரு மூலைக்கு இழுத்தோம், அங்கே ஆடவில்லை. ஆக, குற்றவாளி தரை. கால்கள் சமமாக உள்ள சதுர மேசையை, மேடு பள்ளம் சீராக ஏறி இறங்கும் தரையில் கால் சுற்றுக்குள் திருப்பிக்கொண்டே வந்தால் எங்காவது ஒரு நிலையில் நான்கு காலும் பதியும் என்று கணிதக்காரர்கள் நிரூபித்தே வைத்திருக்கிறார்கள். ஹாஸ்டலில் மேசையைக் கோணலாகத் திருப்பினால் கதவு திறக்காது என்பது அவர்களுக்குத் தெரியாது. பழைய பிளாஸ்டிக் டப்பா மூடியைக் காலளவுக்கு வெட்டி இரண்டு அடுக்காக, இரட்டைப்பக்க டேப்பால் காலிலேயே ஒட்டிவிட்டேன். மேசையை நகர்த்தினாலும் கூடவே போகும்.

இழுப்பறை முரண்டு பிடித்ததற்கு மெழுகுவர்த்தி. இழுப்பறையை வெளியே எடுத்து, அது சறுக்கும் மரச்சட்டத்தில் மெழுகை அழுத்தித் தேய்த்தால் போதும். நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஒட்டும் ஃபெல்ட் வில்லைகள் வாங்கி ஒட்டினோம். கீழ்மாடியில் இருப்பவர்களுக்காக இல்லாவிட்டாலும், இரவில் தூங்கும் அறைத்தோழனுக்காக.

மெத்தையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எத்தனையோ பேர் படுத்தெழுந்த மெத்தை. அதன் மேல் சாமான் எதையும் வைப்பதற்கு முன் ஓரத் தையல்களை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தோம், நாலு பக்கமும், அடியிலும். மூட்டைப்பூச்சி இருந்தால் தையல் இடுக்கில் பேனா முனையால் குத்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். வளர்ந்த பூச்சி 5 முதல் 7 மி.மீ. இருக்கும், கண்ணுக்கே தெரியும். கட்டில் மூட்டுகளும் அதற்குப் பிடித்த இடம். எங்களுக்கு ஒன்றும் தென்படவில்லை. தென்பட்டிருந்தால் மெத்தையை மாற்றித் தரும்வரை உள்ளே குடிபோயிருக்கக் கூடாது. துணிகளில் ஏறியிருந்தால் 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதோ, டிரையரில் நல்ல சூட்டில் அரை மணி நேரம் போடுவதோதான் வழி. எதற்கும் மெத்தையை முழுக்க மூடுகிற ஜிப் வைத்த உறை ஒன்று போட்டோம். பட்டியலில் யாரும் எழுதாத, ஆனால் காசு கொடுத்ததற்கு நான் மகிழ்ந்த ஒரே பொருள் அது.

மின்சாரக் கணக்கு

அறையில் மொத்தம் இரண்டு பிளக் பாயிண்ட். இரண்டும் கதவுப் பக்கச் சுவரில். மேசைகள் ஜன்னல் பக்கம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் ஆகாது. அதை ஹாஸ்டல் விதியும் அனுமதித்தது, கெட்டிலையும் ஹீட்டரையும்தான் தடுத்தது. தம்பிக்கு இதில் கோபம். "அஞ்சு நிமிஷம் தண்ணி சுட வைக்கிறதுல என்னக்கா ஆகப்போகுது?" என்றான்.

உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட் வரும் இடத்தில் 1500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும்; 120 வோல்ட் வரும் நாடுகளில் அதே கெட்டில் 12.5 இழுக்கும். அவன் இணையத்தில் பார்த்து வைத்திருந்த மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வயர் உறையில் 3×0.75 என்று அச்சிட்டிருந்தது. மூன்று கம்பி, ஒவ்வொன்றும் 0.75 சதுர மி.மீ. என்று அர்த்தம். அந்தத் தடிமனுக்கு வழக்கமாக 6 ஆம்பியர்தான் வரம்பு. 1 சதுர மி.மீ.க்கு 10, 1.5க்கு 16. கெட்டில் ஒன்றே அந்த வயரின் வரம்பைத் தாண்டிவிடுகிறது. அதையும் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் துணிப்பெட்டி பக்கத்தில் போட்டு வைத்தால் சூடு வெளியேற வழியே கிடையாது.

மறுபக்கம் பாருங்கள். இரண்டு லேப்டாப் அடாப்டர் ஆளுக்கு 65 வாட், இரண்டு போன் சார்ஜர் 20 வாட், இரண்டு எல்இடி விளக்கு 8 வாட். எல்லாம் சேர்ந்து 186 வாட். அந்தக் கெட்டிலின் எட்டில் ஒரு பங்கு. எலக்ட்ரானிக் சாமான் எத்தனை வந்தாலும் இந்த அறை தாங்கும். சூடாக்குகிற சாமான் ஒன்று வந்தாலும் சந்தேகம்தான். தம்பி இதற்குமேல் வாதாடவில்லை. கெட்டில், இஸ்திரிப் பெட்டி இரண்டும் வீட்டிலேயே நின்றன.

பாக்ஸ் வாங்கும்போது 1.5 சதுர மி.மீ. வயர், அதிகச் சுமையில் தானே துண்டித்துக்கொள்ளும் பட்டன், எர்த் முனை உள்ளதாகப் பார்த்தோம். நீளம் 4 மீட்டர். சுவரோரமாக அளந்தது 3.4 என்பதால் 3 மீட்டர் போதாது, 5 மீட்டர் காலைத் தடுக்கும். ஒரு பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸுக்குப் போடுவது கூடவே கூடாது. முதல் பாக்ஸின் வயரில்தான் இரண்டின் சுமையும் ஓடும். பாக்ஸைத் தரையில் விடாமல் மேசைக்கால் மேல்பக்கத்தில் வெல்க்ரோ பட்டையால் கட்டினோம். தரை துடைக்கும் தண்ணீர் அதைத் தொடாது.

விளக்கு

கூரையில் ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் அறை நடுவில். மேசை ஜன்னலைப் பார்த்து இருப்பதால் உட்கார்ந்ததும் தலையின் நிழல் நோட்டில் விழுகிறது. எழுதப் படிக்க மேசை மேல் 500 லக்ஸ் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது அலுவலகங்களுக்கான பொதுவான அளவுகோல். போனில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்று போட்டுப் பார்த்தேன். அது துல்லியமாக இருக்காது. ஒப்பிட்டுப் பார்க்க உதவும். டியூப்லைட்டில் மட்டும் நிழலுக்குள் நூறைத் தொடவே திணறியது. மேசை விளிம்பில் கவ்விக்கொள்ளும் 8 வாட் எல்இடி விளக்கை 40 செ.மீ. உயரத்தில் வைத்ததும் ஐந்நூறைத் தாண்டியது. பெரிய விளக்கு வாங்குவதைவிடச் சிறிய விளக்கைக் கிட்டே கொண்டுவருவது மேல். தூரம் பாதியானால் வெளிச்சம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஆகும்.

தம்பி வலக்கைக்காரன். விளக்கை இடப்பக்கம் மாட்டினோம், எழுதும் கையின் நிழல் எழுத்தில் விழாமல் இருக்க. பிறகு நான் எதிர்க்கட்டிலில் படுத்துப் பார்த்தேன். பல்பு நேராகக் கண்ணில் குத்தியது. விளக்கின் தலையைக் கீழே இறக்கி, வாய் மேசையை மட்டும் பார்க்கும்படி மடக்கினோம். அறைத்தோழனோடு முதல் சண்டை எதற்கு வரும் என்று என்னைக் கேட்டால், விளக்குக்கும் அலாரத்துக்கும்தான் என்பேன். தம்பி பட்டியலில் இருந்த வண்ணச் சரவிளக்குகள் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒட்டச் சுவர் ஒத்துழைக்கவில்லை, அவ்வளவே.

சுவர் என்றதும் அந்த வெள்ளைக் கை. தேய்த்தால் பொடி உதிரும் சுவரில் ஒட்டுக்கொக்கி நிற்காது. கொக்கி பெயின்ட் பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும், சுவரை அல்ல. ராத்திரியில் பையோடு சேர்ந்து விழும். அதனால் கொக்கி எல்லாவற்றையும் அலமாரியின் பக்கவாட்டிலும் கதவின் உட்புறத்திலும் ஒட்டினோம். ஒட்டுமுன் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரம் கழித்தே எதையும் மாட்டினோம். இழுத்துப் பிய்க்கும் வால் வைத்த வகை என்றால், கழற்றும்போது வாலைச் சுவரையொட்டி நேராகக் கீழ்நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும்; தன் பக்கம் இழுத்தால் பெயின்ட்டோடு வரும்.

துண்டு காயப் போட, கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் இரண்டு எஸ் கொக்கி. ஈரத்துண்டை அலமாரிக் கதவில் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மூடிய அலமாரியில் ஈரம் சேர்ந்தால் பூஞ்சை வரும், வந்தால் எல்லாத் துணியிலும் வாடை ஏறும். வெளிச்சுவரை ஒட்டியிருந்த அலமாரியையும் 5 செ.மீ. முன்னால் இழுத்து வைத்தோம், பின்னால் காற்று ஓட.

யார் எதைக் கொண்டுவருவது

அறைத்தோழனின் எண்ணை வார்டன் கொடுத்திருந்தார். தம்பி கூச்சப்பட்டான். "நீ பேசேன்க்கா" என்றான். "உன் ரூம், நீ பேசு" என்று போனைக் கையில் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் துடைப்பம், பக்கெட், குப்பைக்கூடை, சுவர்க்கடிகாரம், கண்ணாடி எல்லாம் ஒவ்வொன்று போதும் என்று முடிவானது. இரண்டு கட்டிலுக்கு நடுவே நடக்க 80 செ.மீ. இருக்கிற அறையில் இரண்டு குப்பைக்கூடை என்பது காலுக்கு ஒரு இடறல்தான். பக்கெட்டும் துடைப்பமும் அவன் தரப்பு, கடிகாரமும் கண்ணாடியும் நம் தரப்பு. எதை யார் வாங்கினார்களோ அது கடைசியில் அவர்களுடையது. இதைப் பாதிக்காசு பாதிக்காசு என்று போட்டால் வருஷ முடிவில் அரைக் கண்ணாடியை யார் கொண்டுபோவது?

சாமானை மூன்றாகப் பிரித்தோம். முதல் ராத்திரிக்கு வேண்டியது ஒரு தனிப் பையில்: படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை, துண்டு, சோப்பு, செருப்பு, பூட்டு, சார்ஜர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, சான்றிதழ் நகல்கள். மற்ற எந்தப் பெட்டியையும் திறக்காமல் அன்றிரவைக் கழித்துவிட முடிய வேண்டும். இரண்டாவது, முதல் மாதத்துக்கான துணியும் புத்தகமும். மூன்றாவது, 'கேட்டால் அனுப்புவோம்' குவியல். குளிருக்கான கனத்த துணி, கூடுதல் தலையணை, மடக்கு மேசை, செருப்பு ஸ்டாண்டு எல்லாம் அதில் போய் விழுந்தன. அம்மாவுக்கு இதில் மனசில்லை. "தேவைப்பட்டா அங்கே போய் என்ன பண்ணுவான்?" என்றார். தேவைப்பட்டால் போன் பண்ணுவான் என்றேன்.

காற்றை உறிஞ்சி மூடும் பைகளைச் சித்தி பரிந்துரைத்திருந்தார். போர்வைக்கு அவை நல்லவைதான், இடம் பாதியாகும். எடை ஒரு கிராம்கூடக் குறையாது. விமானத்தில் போகிறவர்களுக்குப் பெட்டி நிரம்பாமலே எடை வரம்பு நிரம்பிவிடுவது இப்படித்தான். அவர்களுக்கு இன்னொன்று: பவர் பேங்க்கை ஒப்படைக்கிற பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், அதுவும் அதில் சேரும் மின்சாரம் பொதுவாக 100 வாட்-மணி வரை. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-மணி வரும், பிரச்சினையில்லை.

மேசைக்கும் நாற்காலிக்கும் கடைசியாக ஒரு திருத்தம் தேவைப்பட்டது. மேசை உயரம் 75 செ.மீ., நாற்காலி இருக்கை 44. தட்டச்சு செய்யும்போது தம்பியின் தோள் காதுப்பக்கம் ஏறியது. மேசையைக் குறைக்க முடியாது, எனவே ஆளை ஏற்ற வேண்டும். 5 செ.மீ. தடிமனில், உட்கார்ந்தாலும் அமுங்காத கெட்டியான நுரை மெத்தை ஒன்றைக் கயிற்றால் நாற்காலியில் கட்டியதும் முழங்கை மேசை மட்டத்துக்கு வந்தது. அவன் உயரமானவன், பாதம் தரையில் பதிந்தது. குட்டையானவர்களுக்குக் காலுக்கடியில் ஒரு பலகை வேண்டியிருக்கும்.

சேர்ந்து சில வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அலமாரிக் கதவு தொங்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றைத்தான் திறக்கிறான். மற்றது மூட்டை கட்டியபடியே இருந்தது, அதை அப்படியே வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். 'கேட்டால் அனுப்புவோம்' குவியலிலிருந்து கேட்டது கூடுதல் தலையணை மட்டும், அதுவும் சுவரில் சாய்ந்து உட்கார. நாங்கள் யோசிக்காத ஒன்றையும் கேட்டான்: நகவெட்டி. ஜன்னல் தாழ்ப்பாள் இன்னும் சரியாகவில்லை. அது ஹாஸ்டல் பார்க்க வேண்டிய வேலை. புகார்ப் புத்தகத்தில் எழுதியாகிவிட்டது, ஆள் வந்தபாடில்லை. அதுவரை ஜன்னல் கம்பியோடு சேர்த்து வெல்க்ரோ பட்டையால் கட்டி வைத்திருக்கிறார்கள். மழைச்சாரல் அடித்தால் அந்தப் பக்கம் இருக்கும் மேசை நனையும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அந்தப் பக்கத்து மேசைக்காலில்தான் இருக்கிறது. அதை இடப்பக்கக் காலுக்கு மாற்றிக் கட்டிவிட்டு வந்தேன். அடுத்த முறை போகும்போது தாழ்ப்பாளின் அளவை எடுத்துவர வேண்டும்.